இரண்டு ஊரில் பிறந்த அம்பாரோ

அம்பாரோ லுஹான் ஐம்பத்தாறு வயதில் அமெரிக்காவின் எல் பாசோவில் ஒரு அறை வாடகைக்கு எடுத்தாள். புருஷனோடு சண்டை எதுவும் இல்லை. எல்லைப் பாலத்து வரிசையில் நின்று நின்று வேலைக்கு நேரத்துக்குப் போக முடியவில்லை, அவ்வளவுதான்.

அவள் வீடு எல்லை ஆற்றுக்கு இக்கரையில், மெக்சிகோவின் ஹுவாரஸில், எங்கள் தெருவில். வேலை அக்கரையில், ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில், காலை ஆறு மணிக்கு. மூன்றாவது முறை தாமதமானபோது மேற்பார்வையாளர், இன்னொரு தடவை என்றால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். புருஷன் பிலிமோனுக்குக் கண் பார்வை போய் ஆறு வருடம். அவனுக்கு அமெரிக்க விசா இரண்டு முறை மறுத்தாயிற்று. ஆகவே வாரத்தில் ஆறு நாள் அவள் அங்கே, அவன் இங்கே. ஞாயிற்றுக்கிழமை வந்து கடைந்த பீன்ஸும் சிவப்பு மிளகாய்க் கறியும் சமைத்து, ஆறு டப்பாக்களில் அடைத்து வைத்துவிட்டுப் போவாள். திங்கள் டப்பாவுக்கு ஒரு ரப்பர் பாண்ட், செவ்வாய்க்கு இரண்டு, சனிக்கு ஆறு. அவன் விரலால் தடவி எண்ணிச் சாப்பிடுவான்.

அவளுக்கு இரண்டு நாட்டுக் குடியுரிமையும் உண்டு. முன்கூட்டியே விசாரித்து, கைரேகை எடுத்து, நம்பகமான பயணி என்று தரும் அட்டை ஒன்று கிடைத்தால் தனிப் பாதை வழியாகப் பதினைந்து நிமிடத்தில் பாலத்தைக் கடந்துவிடலாம். தன் வீட்டில் தூங்கி எழுந்து வேலைக்குப் போகலாம். அவளுக்கு வேண்டியது அதுதான்.

இதைச் சொல்ல என்னைவிடத் தகுதி யாருக்கும் இல்லை. நான் திபுர்சியோ. மூன்று வகுப்பு படித்தவன். கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் கடை எனக்கு இருக்கிறது, பதினோரு ஆள் வேலை செய்கிறார்கள், ஒரு நூல்கண்டுகூட யாரும் எனக்கு இலவசமாகத் தந்ததில்லை. அம்பாரோவின் அப்பா ஹசிந்தோ என் சிநேகிதன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில், பத்தொன்பது வயதில், என் சொந்த உழைப்பில் நான் லாரி வாங்கினேன். அவள் பிறந்தபோது பிரசவம் பார்க்க மருத்துவச்சி வந்தது அந்த லாரியில்தான்.

விண்ணப்பத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு அம்பாரோ கடைக்கு வந்தாள்.

"சித்தப்பா, வேற நாட்டுக் குடியுரிமை இருக்கான்னு கேக்குது."

"இல்லைன்னு போடு. ரெண்டு நாட்டைச் சொன்னா ரெண்டு மடங்கு நோண்டுவான்."

"முப்பத்தெட்டு வருஷமா இங்க ஓட்டுப் போடுறேன். மெக்சிகோ பாஸ்போர்ட் பெட்டிக்குள்ள கெடக்கு. இன்னிக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு மாத்திச் சொல்ல நான் என்ன உங்க கடை டெலிவரி தேதியா?"

தையல்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவள் 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

நான்கு மாதம் கழித்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி சின்னப் பையன், மரியாதையானவன் என்று அவளே சொன்னாள். இரண்டு பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறான்.

"அம்மா, ரெண்டுலயும் ஒரே தேதி. ஒண்ணுல எல் பாசோ, ஒண்ணுல ஹுவாரஸ். நீங்க எங்கதான் பிறந்தீங்க?"

"எல் பாசோவுல."

"அப்போ இது?"

"பள்ளிக்கூடத்துக்காக எங்கப்பா பதிஞ்சது."

"எது சரின்னு நான் முடிவு பண்ண முடியாதும்மா. சரி பண்ணிக் கொண்டுவாங்க, அதுவரைக்கும் ஃபைல் நிக்கும்."

அந்தக் காலத்தில் ஆற்றோரக் குடும்பங்கள் செய்தது இது. பிள்ளை அக்கரையில் பிறக்கும். இக்கரைப் பள்ளிக்கூடம் பிறப்புச் சான்று கேட்கும். அக்கரைக் காகிதத்துக்கு மொழிபெயர்ப்பு, முத்திரை என்று அலையவேண்டும். அதைவிட, இரண்டு சாட்சியைக் கூட்டிக்கொண்டு போய், பிள்ளை இங்கேயே பிறந்தது என்று பதிந்துவிடுவது சுலபம். ஹசிந்தோவும் அறுபத்தேழில் அதைத்தான் செய்தான்.

இக்கரைப் பதிவை நீதிமன்றத்தில் ரத்து செய்யவேண்டும் என்றார் வக்கீல். அம்மா மெக்சிகோக்காரி, அவள் வழியில் வரும் குடியுரிமை போகாது, முறைப்படி வேறு பதிவு போட்டுக்கொள்ளலாம். பிறந்ததை நேரில் அறிந்த ஒரு சாட்சி மட்டும் வேண்டும். அம்பாரோ பதிவேட்டின் முழு நகலை வாங்கிவந்து, என் வெட்டுமேசையில் விரித்த ரெக்சின்மேல் வைத்தாள்.

"இந்தக் கையெழுத்து யாருது சித்தப்பா?"

நீண்ட வால் வைத்த என் எழுத்து. பத்தடி தூரத்திலேயே தெரியும்.

"என்னுதுதான்."

"இல்லைன்னு போடச் சொன்னீங்களே, எனக்காகவா, உங்களுக்காகவா?"

இயந்திரங்களை நிறுத்தச் சொன்னேன். எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். மறுபடி ஓட்டச் சொன்னேன்.

"ரெண்டு பேருக்காகவும்தான்."

"அப்போ கோர்ட்டுக்கும் ரெண்டு பேருக்காகவும் வாங்க."

அவள் போய்விட்டாள். திபுர்சியோ கையெழுத்துப் போட்டால் முத்திரை தேவையில்லை என்று நாற்பது வருடமாக இந்த ஊர் முழுக்கச் சொல்லி வியாபாரம் செய்தவன் நான். அந்தக் கையெழுத்து பொய் என்று நானே போய்ச் சொல்வதா? ஒன்பது நாள் பதில் சொல்லவில்லை.

பத்தாம் நாள் காலை கடைக்குப் போகும் வழியில் பிலிமோன் வாசலில் நின்றான், கையில் டப்பா.

"யாரு, திபுர்சியோ மாமாவா? இன்னிக்கு என்ன கெழமை? இதுல ஒரு ரப்பர்தான் இருக்கு. இன்னொண்ணு அறுந்து விழுந்துச்சோ என்னமோ."

"செவ்வாய்."

"அப்போ நேத்து நான் சாப்பிட்டது எந்த டப்பா?"

எனக்குத் தெரியவில்லை. கடைக்குப் போனதும் நானே வக்கீலுக்குப் போன் செய்தேன்.

நீதிபதி நாற்பது வயதுப் பெண். ஞானஸ்நானப் பதிவை வக்கீல் முன்பே கொடுத்திருந்தார்: எல் பாசோ கோயில், பிறந்த பன்னிரண்டாம் நாள். நான் என் பங்குக்கு, கடையில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த லாரி ரசீதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன்.

"இவங்க எங்க பிறந்தாங்க?"

"எல் பாசோவுலம்மா. ஜூலை பதினொன்னு, செவ்வாக்கெழமை, மத்தியானம். மருத்துவச்சியைக் கூட்டிட்டுப் போனது என் லாரி. இதோ ரசீது."

"ரசீதைக் கீழ வைங்க. இங்க பிறந்தாங்கன்னு அறுபத்தேழுல சாட்சி போட்டது?"

"அதுவும் நான்தான்."

"பொய்யா?"

"பொய்தான். அன்னிக்கு அது பொய் மாதிரி தெரியல. புள்ளைய ஸ்கூல்ல சேக்குற வேலை மாதிரிதான் இருந்துச்சு."

"அப்போ பொய் சொன்னவர் இப்போ உண்மை சொல்றார்னு நான் எப்படி நம்புறது?"

"அன்னிக்கு சொன்னதால எனக்கு ஒண்ணும் கொறையலம்மா. இன்னிக்கு சொல்றதால கொறையுது."

அவர் வெகுநேரம் எழுதினார். பிறகு கையெழுத்துப் போடச் சொன்னார். அதே வால் வைத்துத்தான் போட்டேன்.

தீர்ப்பு வர ஐந்து மாதம் ஆயிற்று. இரண்டாவது நேர்காணலில் வேறு குடியுரிமை உண்டா என்று மறுபடி கேட்டார்கள். "ஆமா, அம்மா வழியில" என்றாள். பத்து நிமிடத்தில் முடிந்தது. மூன்று வாரத்தில் அட்டை தபாலில் வந்தது.

ஒரு புதன்கிழமை பிற்பகல் அறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். மெத்தையையும் நாற்காலியையும் ஏற்றிவர என் கடை லாரியை நானே ஓட்டிக்கொண்டு போனேன். எழுபத்தைந்து வயதில் யார் ஓட்டுவார்கள்? நாங்கள் வந்து சேர்ந்தபோது பிலிமோன் மேசைமுன் உட்கார்ந்து மூன்று ரப்பர் பாண்டை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தான். அவள் காலடிச் சத்தம் கேட்டதும் கை நின்றது.

"இன்னிக்கு ஞாயிறா?"

"புதன்தான்" என்றாள் அம்பாரோ. "டப்பாவைக் குடு, சூடு பண்றேன்."