கக்கூஸ் கூரைமேல் கத்தரி நாற்று

எங்கள் தெருவில் பூவம்மாளின் வலது கைக்குத் தனி மரியாதை. மாரியம்மன் கோயில் முளைப்பாரியை வருடா வருடம் வளர்ப்பது அந்தக் கைதான். ஆடி பிறந்ததும் எல்லா வீட்டுப் பயறும் அவர் வீட்டுக்கு வந்துவிடும். சட்டியில் வைக்கோலும் எருவும் போட்டு விதைத்து, சன்னல் இல்லாத பின்னறையில் மூடி வைப்பார். வெளிச்சம் படக்கூடாது, ஆம்பளை நிழல் விழக்கூடாது. திருவிழாவன்று வெளியே வரும்போது முளை முழங்கை உயரத்தில் மஞ்சளாகத் தளதளவென்று நிற்கும். கோயிலுக்கு வருகிறவர்கள் அம்மனுக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார்கள். மற்ற மாதங்களில் பூவம்மாள் நடவுக்குப் போகிறவர், அவ்வளவுதான். பஸ்ஸில் யாரும் எழுந்து இடம் தந்ததில்லை.

இந்த ஆனியில் அந்தக் கைக்குச் சோதனை வந்தது. போன மழைக்குக் கொல்லையில் தண்ணீர் நின்று, வரிக்கத்தரிச் செடிகள் அத்தனையும் அழுகிவிட்டன. ஒரே ஒரு பழுத்த காயிலிருந்து எடுத்துச் சாம்பலில் புரட்டிய விதைதான் மிச்சம். அடுத்த வீட்டு நாத்தனார் காத்தாயிக்கும் நாற்று தருவதாக வேறு வாய் கொடுத்திருந்தார். அதனால் மொத்த விதையையும் சட்டிகளில் போட்டு, தனக்குத் தெரிந்த ஒரே முறைப்படி, பின்னறைக்குள் மூடி வைத்துவிட்டார்.

இலை பச்சையாக இருக்க வெயில் வேண்டும் என்று அறிவியல் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. அந்தச் சூரியனுக்கு மீசை வரைந்ததோடு தெருவில் பல பேருடைய படிப்பு முடிந்துவிட்டது. எனவே யாரும் எதுவும் சொல்லவில்லை.

முளைத்தது. மளமளவென்று வளர்ந்தது. பூவம்மாளுக்குச் சந்தோஷம். அப்புறம் ஒரு காலையில் பார்த்தால், வேகவைத்த சேமியா மாதிரி எல்லாம் சட்டி விளிம்பில் சாய்ந்து கிடந்தது. தண்ணீர் தெளித்தார், இன்னும் சாய்ந்தது. போதாக்குறைக்கு ஒரு சட்டியையே காணவில்லை. எலி கடிக்கும், சட்டியைத் தூக்கிக்கொண்டு போகாது.

காத்தாயி எட்டிப் பார்த்தார்.

“என்னடி பூவம்மா, நாத்துக்குக் காமாலையா?”

“தெரியல அண்ணி. எப்பவும் போலத்தான் வச்சேன்.”

“கைராசி போச்சுடி. கத்தரிக்கே இப்படின்னா பாரி என்னாகும்? இந்த வருஷம் வேற யாருகிட்டயாவது கொடுத்துடலாம்னு கோயில்ல சொல்லிடறேன்.”

அன்றிலிருந்து கோயில் பக்கம் போகும்போது பூவம்மாள் வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். கேட்டால் முள் குத்திவிட்டது என்றார். எந்த முள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வாய் வராது.

அறுப்பு மிஷின் ஓட்டும் அவர் கணவர் கண்ணுசாமிக்கு ஒரே கவலை, குழம்பில் கத்தரிக்காய் இல்லாதது. அவருக்காக முருங்கைக்கீரையாவது கிண்டலாம் என்று கொல்லைக்குப் போன பூவம்மாள், எட்டாத கிளையை வளைக்கக் கக்கூஸ் சுவரில் சாத்தியிருந்த ஏணியில் ஏறினார். கூரைமேல் காணாமல் போன சட்டி. அதில் குட்டையாக, தண்டு தடித்து, கரும்பச்சை இலையோடு கத்தரி நாற்று நெருக்கமாக நின்றது. காற்று அடித்தும் ஒன்றும் சாயவில்லை.

“ஏங்க! இங்க வாங்க!”

கண்ணுசாமி வந்து அண்ணாந்து பார்த்தார். முகம் மாறியது.

“அது வந்து பூவு… மிஷின் சாமான் பொட்டிய எடுக்க உள்ள போனேன். சட்டி குறுக்க இருந்துச்சு. வெளிய தூக்கியாந்தேன், கோழி கொத்துமேன்னு மேல வச்சேன். மறந்துட்டேன்.”

“ஆம்பள நிழலு படக்கூடாதுன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்!”

“பட்டதாலதான வளந்துருக்கு.”

பூவம்மாள் பின்னறையிலிருந்து ஒரு சட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அதே விதை, அதே எரு, விதைத்ததும் அதே கை. கூரைச் சட்டிக்கு வெயிலும், அவ்வப்போது தூறிய மழையும் கிடைத்திருந்தன. பின்னறைச் சட்டிக்கு இருட்டு. ரொம்ப நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவர், கடைசியில் சத்தம் போட்டுச் சிரித்தார்.

பாதி நாற்றை ஈரத்துணியில் சுற்றிக் காத்தாயி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

“வெயில்ல நட்டு வைங்க அண்ணி. உள்ள வச்சுப் பொத்துனா காமாலை வந்துரும். கையில ஒண்ணுமில்ல, நான் வச்ச எடம்தான் தப்பு.”

காத்தாயி ஒரு நாற்றை உருவி, விரலால் சுண்டிப் பார்த்தார். தண்டு வளையவில்லை. உள்ளே போய், ஒரு மஞ்சள் பையோடு வந்தார். அதில் பாரிக்கான பயறு.

“கோயில்ல இன்னும் யாருகிட்டயும் சொல்லலடி. பிடி.”

இத்தனை நாள் முந்தானைக்குள் ஒளிந்திருந்த வலது கை நீண்டு பையை வாங்கிக்கொண்டது.

இப்போது பூவம்மாள் வீட்டில், பாரி வளரும் பின்னறைக் கதவில் பூட்டுத் தொங்குகிறது. கண்ணுசாமியின் சாமான் பெட்டி கக்கூஸ் கூரைமேல் இருக்கிறது.