சணல் திணித்த கண்ணாடி

குளியலறைக் கதவை அவர் உதைத்த உதையில் தாழ்ப்பாள் ஆணியோடு பிய்த்துக்கொண்டு என் காலடியில் வந்து விழுந்தது. என் கணவரின் சித்தப்பா மகன் அவர், எனக்குக் கொழுந்தனார் முறை. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். கையிலிருந்த முறத்தை என் பக்கம் விசிறினார். கடலைக்காய்கள் முகத்தில் தெறித்தன. எல்லாம் ஈரம் ஏறிக் கறுத்திருந்தன, சிலவற்றில் வெள்ளையாக முளை நீட்டியிருந்தது. ஆடியில் விதைக்க மூட்டை கட்டி வைத்தவை.

"பாருங்க நங்கையா, நல்லாப் பாருங்க. உங்க ஊட்டுக் குளியல் தண்ணி என்ற வெதைக்குப் பாயுது. இன்னொரு சொட்டு வந்துச்சு, கடப்பாரையில அந்தக் கண்ணாடிய ஒடைப்பேன். கண்ணாடிய மட்டுமில்லீங்க, அதக் கொண்டாந்தவன் மண்டையுஞ் சேத்துத்தான்."

அண்ணியை நங்கையா என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மண்டையை உடைப்பேன் என்கிறபோதும் அந்த 'ங்க' விட்டுப்போகாது.

அவர் வாய்ச்சொல்லுக்குச் சொல்கிறவர் இல்லை. முந்தின கோடையில் கிணற்றுத் தண்ணீர் முறைக்காக இரண்டு பேரும் அடித்துக்கொண்டபோது, என் கணவர் மண்வெட்டிக் காம்பால் போட்டதில் அவர் புருவம் இரண்டாகக் கிழிந்தது. தையல் பிரித்த அன்றே வந்து எங்கள் எருமையின் கயிற்றை அறுத்துவிட்டுப் போனார். அடுத்த சண்டையில் ஒருவர் போய்ச் சேர்வார் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு அது யாராக இருக்கும் என்பதிலேயே பொழுது போகும், பொழுது விடியும்.

அந்தக் கண்ணாடி வந்த கதை இதுதான். என் கணவர் ரிக் வண்டியில் வடக்கே ஆழ்துளைக் கிணறு போடப் போவார். எண்பதுகளில் எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் பாதி ஆம்பிளைகள் அப்படித்தான் மாதக்கணக்கில் போனார்கள். எங்கோ ஒரு லாட்ஜில் ஷவருக்கும் கக்கூசுக்கும் நடுவே ஆள் உயரக் கண்ணாடி நிற்பதைப் பார்த்திருக்கிறார். அதே போல ஒன்றை வாங்கி, மெத்தையில் சுற்றி, கம்ப்ரஸர் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கொத்தனாருக்கு அதைப் பூட்டிப் பழக்கமில்லை. தரையிலும் பக்கங்களிலும் பதித்த அலுமினியச் சட்டம் கோணலாகப் போனது. அதற்காக அந்த ஆளை ஓங்கி ஓர் அறை விட்டார். உதடு கிழிந்து போன கொத்தனார் அதற்கப்புறம் எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. கண்ணாடி ஓரத்து இடுக்கை அடைக்க அவர் பூசிய மக்குப் பசை காய்ந்து வெடித்து, அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கி, சுவர் அடியில் ஊறி, பங்காளி வீட்டு மூட்டைக்குப் போனது.

என் கணவர் அந்த வாரம் வருவதாகச் சேதி வந்திருந்தது. கதவு உதைபட்டது காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தாழ்ப்பாளைப் பழைய ஓட்டையிலேயே அடித்து மாட்டினேன். ஒழுகலையும் நானே அடைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், கரண்டிக் காம்பு தவிர எதையும் பழுது பார்த்ததில்லை.

பழைய மக்கைக் கத்தியால் நோண்டினேன். கல்லாக இறுகிக் கிடந்தது. வழுக்கிய கத்தி உள்ளங்கையில் இறங்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி நோண்டினேன். ஜன்னலுக்கு வெளியே கொழுந்தனார் நின்று வேடிக்கை பார்த்தார்.

"என்னுங்க நங்கையா, எந்தக் காலேஜுல படிச்சீங்க இந்த வேலைய?"

"நீங்க வந்து செய்யறதுதானுங்களே தம்பி?"

"நான் வந்தா ஒரே போடுதானுங்க. ஒழுகறதுக்குக் கண்ணாடியே இருக்காது."

என் பிறந்த ஊர் எடப்பாடிப் பக்கம். எங்கள் கிணற்றில் மோட்டார் பைப் பூட்டும்போது அதன் திருகு மரையில் சணலைச் சுற்றி, மேலே பெயிண்ட் தடவி முறுக்குவார்கள். தண்ணீர் பட்டதும் சணல் உப்பிக்கொள்ளும், சொட்டு ஒழுகாது. எனக்குத் தெரிந்த ஒரே அடைப்பு அது. மூட்டைச் சணலைப் பிரித்துத் திரித்து, கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்து, ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் குத்தி இறக்கினேன். ஓர் இழை போதும் என்று தோன்றும், உடனே பத்தாவிட்டால் என்ன ஆகும் என்று இன்னொன்று வைத்துக் குத்துவேன். ஊசி இறங்க இடமில்லாதபடி மூன்று பக்கமும் திணித்தேன். இருந்த பெயிண்ட் அடிப்பக்கத்துக்கே தீர்ந்துவிட்டது. காய்ந்தபின் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். சொட்டுக்கூட வரவில்லை. கெடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் அதற்கப்புறம் அங்கே குளிக்கவும் இல்லை, கொல்லையில் தட்டி மறைவிலேயே குளித்தேன்.

என் கணவர் ஒரு காலையில் வந்து இறங்கினார். மாதக்கணக்கான கல்தூள் தலையில் இருந்தது. ஷவரைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றார். நான் சுவர் மூலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது. அப்போதுதான் வேட்டு வெடித்த மாதிரி ஒரு சத்தம், அதன் பின்னாலேயே கண்ணாடி சரிந்து கொட்டும் சத்தம்.

கதவைத் திறந்துகொண்டு இடுப்பில் துண்டோடு வந்தார். தோளிலும் நெற்றியிலும் கீறல்கள், தொடையிலிருந்து ரத்தம் குபுகுபுவென்று வந்தது. சோப்பு நுரை சிவப்பாக வழிந்தது. அதே நேரம் சுவருக்கு அந்தப்பக்கம் 'ணங்' என்று கடப்பாரைச் சத்தம் கேட்டது. கொழுந்தனார் மாட்டுக்கு முளைக்குச்சி அடிக்கக் குழி போட்டுக்கொண்டிருந்தார்.

"செவுத்த இடிச்சுக் கண்ணாடிய ஒடைக்கறயாடா, நாயே!" என்று கத்திக்கொண்டே என் கணவர் கூரையில் செருகியிருந்த கொடுவாளை உருவினார்.

"இல்லீங்க, நான் சணல் வெச்சனுங்க, சணலுங்க" என்று பின்னாலேயே ஓடினேன். எனக்கே என் பேச்சு புரியவில்லை, அவருக்கு எங்கே புரியும்? இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். உடம்பு முழுக்கச் சோப்பு, மீன் மாதிரி நழுவினார். முழங்கையால் இடித்ததில் என் முன்பல் ஒன்று உள்ளே மடங்கியது.

கொழுந்தனார் நிமிர்வதற்குள் கொடுவாள் இறங்கிவிட்டது. தடுத்த முன்கையில் எலும்பு தெரிய வெட்டு. இரண்டாவது வீச்சுக்குக் கை ஓங்கியபோது தன் ரத்தத்திலேயே வழுக்கி என் கணவர் மல்லாந்து விழுந்தார். கொடுவாள் எட்டப் போய் விழுந்தது. கொழுந்தனார் கடப்பாரையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். அதன் கூர்முனை நேராக என் கணவர் நெஞ்சுக்கு மேலே நின்றது.

நான் அவர் மேல் விழுந்து படுத்துக்கொண்டேன். "தம்பி, நான்தானுங்க. பைப்புக்குச் சுத்தற சணல கண்ணாடிக்குத் திணிச்சனுங்க. உப்பி ஒடைஞ்சு போச்சுங்க" என்று வாயில் ரத்தத்தோடு கத்தினேன்.

கடப்பாரை அப்படியே நின்றது. "சணலா?" என்றார். "இரும்புக்குப் போடறதக் கண்ணாடிக்குப் போட்டீங்களா?"

"பொய் சொல்றா, குத்துடா பாக்கலாம்" என்று என் அடியிலிருந்து இவர் கத்தினார். கத்தும்போதே குரல் இறங்கிக்கொண்டே போனது. உதடு வெளுத்துவிட்டது. தொடைக்கு அடியில் மண் சேறாகியிருந்தது.

கொழுந்தனார் கடப்பாரையைப் பக்கத்து மண்ணில் ஓங்கிக் குத்தினார். தலைத்துண்டை அவிழ்த்து, மண்டியிட்டு, தொடையில் சுற்றி இறுக்கினார். என் கணவர் அவர் முகத்தில் குத்தினார். அவர் வாங்கிக்கொண்டே முடிச்சுப் போட்டார்.

"செத்துத் தொலஞ்சயின்னா கெணத்துக்கு நான் ஆரு கூடடா சண்ட போடறது? தூக்குங்க நங்கையா, வண்டிய எடுக்கறேன்."

அவர் புல்லட்டில் மூன்று பேரும் திருச்செங்கோடு போனோம். நடுவில் இவர், பின்னால் இவரைத் தாங்கிக்கொண்டு நான். வழி முழுக்க இவர் அவர் முதுகில் குத்திக்கொண்டே வந்தார், குத்தில்தான் வலு இல்லை. அவர் வெட்டுப்பட்ட கையாலேயே ஹேண்டில் பிடித்து, "குத்துடா, குத்து, முழிச்சுக்கிட்டே இரு" என்று திட்டிக்கொண்டே ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கம்பவுண்டர் தொடையைப் பார்த்துவிட்டு, முன்கை வெட்டின் மேல் கண்ணை நிறுத்தினார். நேர்கோடாக இறங்கிய வெட்டு. "இது எப்படி ஆச்சு? அருவா மாதிரி இருக்கே, போலீசுக்குச் சொல்லணும்" என்றார்.

என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடிதானுங்க" என்றார் கொழுந்தனார். "எங்கண்ணன் ஊட்டுல குளிக்கற எடத்துல ஒடஞ்சுதுங்க. தூக்கப் போனேன், கிழிச்சிருச்சு."

கம்பவுண்டர் இவர் பக்கம் திரும்பினார். "ஆமாவா?"

இவர் தொடைக் கட்டை ஒரு முறை தொட்டுப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தபடியே, "ஆமாங்க" என்றார். "அவனுக்கு மொதல்ல தையலப் போடுங்க. எனக்குக் கட்டு இறுக்கமாத்தான் இருக்குது."