பட்டுப் புடவைக்குள் போன கீபோர்டு போன்

அந்தப் பட்டன்களின் வழவழப்பு இன்னும் கட்டைவிரலில் இருக்கிறது. தேய்த்த புளியங்கொட்டை மாதிரி... நடுவில் ஒரே ஒரு பட்டனில் மட்டும் கடுகளவு மேடு.

முழு கீபோர்டு வைத்த ஸ்மார்ட்போன்கள் புதிதாக வந்த சமயம். நான் தி.நகரில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் சேல்ஸ்மேன். படிப்பு பத்தாவது, அதிலும் கணக்கு இரண்டாவது தடவை எழுதித்தான். ஆனால் போன் வாங்கப் போனபோது மட்டும் இன்ஜினியர் தோரணை வந்துவிட்டது.

மந்தைவெளியில் ஒரு போன் கடை. மற்றவர்கள் கேமரா எப்படி, மெமரி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போனை கவுன்ட்டருக்குக் கீழே கொண்டுபோய், முகத்தை மேலே வைத்துக்கொண்டு டைப் அடித்தேன்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா தலைவா, கீழ இன்னா பண்ணிக்கினு கீற?"

"டெஸ்ட் பண்றேன்ணா."

"அவன் அவன் ஸ்கிரீனைப் பாப்பான். நீ இன்னாடான்னா என் கடை ஃபேனைப் பாத்துக்கினு கீற!"

முதல் போனில் பட்டன் ஒவ்வொன்றும் டிக் டிக் என்றது. வேண்டாம். இரண்டாவதில் பட்டன்கள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. "Varen" என்று அடித்தால் வேறு ஏதோ பாஷை வந்தது. மூன்றாவது... சத்தமே இல்லை. மேட்டுப் பட்டனைத் தொட்டால் போதும், மற்ற எழுத்தெல்லாம் விரலுக்கே தெரிந்தது. அதையே வாங்கினேன். அதில் கேமரா இருக்கிறதென்று வீட்டுக்கு வந்தபிறகுதான் கவனித்தேன்.

காரணம் என் மனைவி மல்லிகா. நிறைமாதம். மந்தைவெளி வீட்டில் பகலெல்லாம் தனியாக இருந்தாள். எங்கள் கடையிலோ ஃப்ளோரில் போன் எடுக்கக் கூடாது. எடுத்தால் வேலை போகும். வலி வந்தால் அவள் மெசேஜ் அனுப்புவாள், நான் உடனே கிளம்ப வேண்டும். அதுதான் ஏற்பாடு.

வெள்ளை மெத்தையில் சம்மணம் போட்டு உட்காருவேன். மடியில் போன், அதன்மேல் ஒரு புடவை. தொடையில் அதிர்ந்ததும் நைசாக ஓரக்கண்ணால் படிப்பேன். பிறகு "மேடம், இந்தப் பார்டரைப் பாருங்க" என்று வாய் சொல்லும்போதே கட்டைவிரல் "saptiya" என்று அடித்திருக்கும். மூன்று வாரம் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு ஒரே பெருமை.

அன்றைக்கு அபிராமபுரத்திலிருந்து ஒரு மாமி வந்தார். மெத்தை முழுக்கப் புடவை விரித்தாயிற்று, ஒன்றும் பிடிக்கவில்லை. அப்போது பார்த்து எங்கள் ஃப்ளோர் சூப்பர்வைசர் அண்ணாச்சி என் பின்னால் வந்து நின்றார். சட்டென்று போனை மடியிலிருந்த புடவையின் மடிப்புக்குள் தள்ளினேன்.

மாமி கண்ணைச் சுருக்கினார். "மடியில ஒண்ணு ஒளிச்சு வெச்சுண்டிருக்கியே, அந்த மாம்பழக் கலர்... அதைக் குடு!"

அண்ணாச்சி பின்னாலேயே நிற்கிறார். என்ன செய்வது? கை பழக்கத்தில் மடித்தது... போனோடு சேர்த்து மடித்தது. புடவை தட்டில் ஏறி பில்லுக்குப் போனது.

அண்ணாச்சி அந்தப் பக்கம் நகர்ந்ததும், வயிறு சரியில்லை என்று பக்கத்துப் பையனிடம் சாக்குச் சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன். பேக்கிங்கில் மாமி இல்லை. வாசலிலும் இல்லை.

மல்லிகா அனுப்பும் மெசேஜ் இனி யார் வீட்டு பீரோவுக்கோ போகும். பாவி, புடவை மடிக்கத் தெரிந்த அளவுக்கு புத்தி இருந்ததா எனக்கு?

வேலை போனால் போகட்டும், அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடலாம் என்று மேலே ஏறினேன். வாயைத் திறப்பதற்குள் படியில் சத்தம்.

"எங்கே அவன்? மாம்பழக் கலர் குடுத்தவன்!"

மாமிதான். மூச்சு வாங்க, ஒரு கையில் பை, ஒரு கையில் என் போன்.

"ஆட்டோல போயிண்டிருக்கேன், மடியில பை நடுங்கறது! எலியோன்னு பதறிட்டேன். பிரிச்சா உன் போன். 'வலிக்குது, சீக்கிரம் வாங்க'ன்னு வந்திருக்கு. யாருடா அது, ஆம்படையாளா?"

தலையாட்டினேன்.

"வந்துண்டிருக்கான்னு பதில் போடலாம்னு பார்த்தேன். பட்டனா அது? எள்ளைக் கொட்டி வெச்சிருக்கான்! என் விரலுக்கு ஒரே நேரத்துல நாலு அமுங்கறது."

அண்ணாச்சி போனைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னலே இது? நம்ம கடையில புடவைக்கு போனு ஃப்ரீயா?"

"அண்ணாச்சி... அவ தனியா இருக்கா..."

"அதை எங்கிட்ட சொன்னா நான் என்ன கடிச்சா வச்சிருவேன்? நிக்கான் பாரு! போலே!"

மாமியின் ஆட்டோ கீழேயே நின்றிருந்தது. "ஏறு. வீடு எங்கே, மந்தைவெளியா? எங்காத்துக்குப் பக்கம்தான்" என்றார். வழியெல்லாம் டிரைவரை "பள்ளம் பார்த்துப் போப்பா" என்று அதட்டிக்கொண்டே வந்தார். மல்லிகா வாசல்படியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டவரும் மாமிதான். நான் முன்னால் டிரைவர் சீட்டில் ஒட்டிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் பெண் குழந்தை.

அந்தப் பெண் இப்போது வேலைக்குப் போகிறாள். போன வாரம் புதிதாக வந்த கீபோர்டு போன் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். "நல்லா பாத்துச் சொல்லுப்பா." பார்த்தேன். ஒல்லியாக, அழகாக இருக்கிறது. பட்டனுக்கு அடியில் லைட் எரிகிறது. கேமராவில் என் நரைகூடத் துல்லியமாகத் தெரிகிறது. ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

கடையிலும் இப்போது கெடுபிடி இல்லை. வீடியோ காலில்தான் பாதிப் புடவை விற்கிறோம். என் போன் நாள் முழுக்க மெத்தைமேல் எல்லோரும் பார்க்கக் கிடக்கிறது. நான்தான் பார்ப்பதில்லை.

இதோ, இதை எழுதும்போது மல்லிகாவிடமிருந்து ஒரு மெசேஜ். "சாப்பிட வாங்க." வந்து அரை மணி நேரமாகிறது, இப்போதுதான் பார்க்கிறேன்.

சமையலறையிலிருந்துதான் அனுப்பியிருக்கிறாள்...