கல்லு மாதிரி

காடி பிரேக்குல காத்து எடுக்கிற வேலைக்கு ரெண்டு ஆளு வேணும். ஒருத்தர் கீழ சக்கரத்துக்கிட்ட உக்காந்து ஸ்பேனரைப் பிடிக்கணும், இன்னொருத்தர் உள்ள உக்காந்து பிரேக்கை மிதிக்கணும். எங்க வீட்ல மொத்தமே ரெண்டு ஆளுதான். அதனால அந்தச் சனிக்கிழமை நான் தப்பிக்க முடியல.

ஏன் தப்பிக்கப் பாத்தேன்னா, என் வலது பாதத்துல எனக்கு ஒண்ணும் தெரியிறதில்ல. சர்க்கரை வியாதி, நாங்க இனிப்புநீர்னு சொல்வோம், வந்து ரொம்ப வருஷமாச்சி. முதல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சி, அப்புறம் எரிச்சல், அப்புறம் அதுவும் நின்னு போச்சி. ஒருநாள் பாசார்ல மீன் வாங்கிட்டு நடந்து வர்றேன், பின்னால ஒரு மலாய்ப் பொண்ணு "ஆன்டி, செலிப்பார்! செலிப்பார்!"னு கத்துது. திரும்பிப் பாத்தா என் செருப்பு மீன்கடைத் தண்ணியில கிடக்கு, நான் வெறுங்காலோட காய்கறிக் கடை வரைக்கும் வந்துட்டேன். பெரிய ஜோக்கு மாதிரி சிரிச்சிக்கிட்டே போய் மாட்டிக்கிட்டேன். காடிக்குள்ள வந்து கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன்.

வீட்டுக்காரர்கிட்ட சொல்லல. எப்படிச் சொல்றது? அவருக்கு இடது கண்ணு போயிருச்சி, அதே இனிப்புநீர்தான். வேலை செஞ்ச காலம் பூரா துறைமுகத்துலேர்ந்து லோரி ஓட்டின மனுஷன், ஒருநாள் பேசாம சாவியை எடுத்து என் கையில வச்சாரு. அன்னையிலேர்ந்து நான்தான் டிரைவர். ஷா ஆலம்ல ஒரு ஃபேக்டரி கேன்டீன்ல சமையல் வேலைக்கு நானே ஓட்டிக்கிட்டுப் போவேன். அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதும் நான்தான். எங்க வீடு காப்பார் ரோட்லேர்ந்து உள்ள தள்ளி ஒரு தாமான்ல, வரிசை வீட்டுக் குடியிருப்புல இருக்கு, மூணு பக்கமும் செம்பனைத் தோட்டம். பஸ்ஸு கிடையாது. ஆப்ல காடி கூப்பிட்டா வர்றேன்னு சொல்வானுங்க, செம்பனைக்குள்ள வரணும்னு தெரிஞ்சதும் கேன்சல் பண்ணிருவானுங்க.

பிரிக்பீல்ட்ஸ்ல பதினோராவது மாடியில குடியிருக்கிற எங்க மக தெளிவா சொல்லிட்டா. "நீங்க ஓட்டுற வரைக்கும்தாம்மா அந்த வீடு. ஓட்ட முடியலன்னா வித்துட்டு இங்க வந்துருங்க." நல்ல மனசோடதான் சொன்னா, இல்லேங்கல. ஆனா அவ ஹால்ல ஒரு பக்கம் சோபா, ஒரு பக்கம் துணி காயப் போடுற கம்பி. அதுக்கு நடுவுல எங்க ரெண்டு பேரையும் எங்க வைப்பா? எனக்கு என் முருங்கை மரம் வேணும், என் அடுப்பு வேணும், கோவம் வந்தா டமார்னு சாத்துறதுக்கு என் கதவு வேணும். அதெல்லாம் இந்த ஒரு காலை நம்பித்தான் இருந்துச்சி, அந்தக் கால் செத்துப் போயிருந்துச்சி.

அப்ப எப்படி ஓட்டினேன்னு கேக்காதீங்க. முட்டியை வச்சி ஓட்டினேன். முட்டி எவ்வளவு நீளுதோ அவ்வளவு மிதிச்சிருக்கேன்னு கணக்கு. காடியோட மூக்கு லேசா கீழ இறங்குனா பிரேக் பிடிக்குதுன்னு அர்த்தம். சந்தேகம் வந்தா இன்னும் அழுத்துவேன். எப்பவும் சந்தேகம் வரும்.

அதனாலதான் பிரேக் பேட் அவ்வளவு சீக்கிரம் தேஞ்சி போச்சி. இரும்பும் இரும்பும் உரசுற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சி. "ஒர்க்ஷாப்ல விட்டுருவோங்க"ன்னு சொன்னேன். "அவனுங்க நட்டைக்கூட ஒழுங்கா முறுக்க மாட்டானுங்க. நான் எதுக்கு இருக்கேன்?"னு கேட்டாரு. ஓட்டத்தான் முடியல, காடிக்கு ஒரு வேலையாவது செய்யிறேனேன்னு அந்தக் கேள்விக்குள்ள இருந்துச்சி. அதுக்கு மேல என்னத்த பேசுறது?

காடியைப் பாதி உள்ள, பாதி கேட்டுக்கு வெளியன்னு நிறுத்தி ஜாக்கி போட்டாரு. முன் சக்கரம் ரெண்டையும் ஒண்ணொண்ணா கழட்டி, பழைய பேடை எடுத்துக் கட்டைவிரலால தடவித் தடவிப் பாத்தாரு.

"பிரேக்கைத் தின்னுட்டியே புள்ள! மாத்தி ஒரு வருஷம்கூட ஆவலையே."

"ஜாம் அப்படி லா. நீங்க வந்து அந்த ரோட்ல ஓட்டிப் பாருங்க, தெரியும்"னேன். சொன்ன உடனே நாக்கைக் கடிச்சிக்கிட்டேன். அவரு புது பேடை எடுத்து மாட்டினாரு.

பேடை மாத்தறதோட விட்டிருந்தா தப்பிச்சிருப்பேன். பழைய பிரேக் எண்ணெய் அழுக்கா இருக்கு, அதையும் தள்ளிருவோம்னு சக்கரத்துக்குப் பின்னால பிரேக்குல இருக்கிற குட்டி நிப்பிளைத் திறந்தாரு. திறந்தா காத்து உள்ள போயிரும். காத்து இருந்தா பிரேக் பஞ்சு மாதிரி அமுங்கும், காடி நிக்காது. சுத்தமா எடுத்துட்டா கல்லு மாதிரி இருக்கும். மீன் தொட்டிக்கு மாட்டுற, கண்ணாடி மாதிரி உள்ள தெரியிற பிளாஸ்டிக் குழாயில ஒரு துண்டை நிப்பிள்ல சொருகி, மறுமுனையை ஒரு போத்தலுக்குள்ள விட்டாரு. "குழாயில காத்துக் குமிழி வர்றது நிக்கிற வரைக்கும் செய்யணும். நீ உள்ள உக்காரு."

உக்காந்தேன்.

"மிதி... மிதி... தாஹான்!"

தாஹான்னா மலாய்ல பிடிச்சி வைன்னு அர்த்தம், பொறுத்துக்கன்னும் அர்த்தம். எங்க வீட்ல பல்லு வலிச்சாலும் அதுதான், கரண்டு போனாலும் அதுதான். நான் பிடிச்சி வச்சேன். அவரு ஸ்பேனரைத் திருப்பி எண்ணெயை விட்டு, திரும்ப மூடிட்டு, "லெப்பாஸ்!"னு சொன்னா காலை எடுக்கணும். அவரு மூடுற வரைக்கும் பெடலைத் தரையோட வச்சிருக்கணும், முன்னாடியே தூக்கிட்டா காத்து திரும்ப உள்ள போயிரும். என் கால் தரையில இருந்துச்சா, பாதியில தூக்கிக்கிச்சா, யாருக்குத் தெரியும்? டாஷ்போர்டுக்குக் கீழ இருட்டு. கழுத்தை வளைச்சிப் பாத்தா முட்டிதான் தெரியுது.

கொஞ்ச நேரம் போனதும் கேட்டாரு, "இப்ப எப்படி இருக்கு? ஹார்டா இருக்கா?"

ஐயோ கடவுளே, இந்த ஒரு கேள்வி வேணாம்னுதானே காலையிலேர்ந்து வேண்டிக்கிட்டு இருந்தேன்.

"ஹார்டுங்க."

"கல்லு மாதிரியா?"

"கல்லு மாதிரி." கல்லு மாதிரி இருந்தது என் கால்தான். "உங்க பக்கம் குமிழி வருதா?"

"ஒண்ணும் வரல. சுத்தமா நின்னு போச்சி."

எனக்கு உசிரு வந்துச்சி. குமிழி நின்னுருச்சின்னா நான் எப்படி மிதிச்சிருந்தா என்ன, வேலை முடிஞ்சதுன்னு நினைச்சேன். அந்தப் பக்கச் சக்கரத்துக்கும் இதே கூத்து, அதே கேள்வி, அதே பதில். சக்கரத்தை மாட்டி ஜாக்கியை இறக்கினாரு. சிவப்பு பிளாஸ்டிக் முக்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உக்காந்து முகத்தைத் துடைச்சிக்கிட்டாரு. ரொம்ப நாளைக்கு அப்புறம் அவரு முகத்துல ஒரு தெளிவு இருந்துச்சி. "மெதுவா உள்ள விடு"ன்னு சொல்லிட்டு, குழாயடியில கை கழுவ எந்திரிச்சிப் போனாரு.

எஞ்சினைப் போட்டு கியரைத் தள்ளினேன். காடி தானா நகர்ந்துச்சி. மிதிச்சேன். முட்டி நீண்டுச்சி, இன்னும் நீண்டுச்சி. மூக்கு கீழ இறங்கல. பெடல் தரைக்குப் போயிருச்சின்னு கால் சொல்ல வேணாமா? அது ஒண்ணும் சொல்லல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எதிர்ல இருந்த சுவரு பெருசாயிக்கிட்டே வந்துச்சி, அவ்வளவுதான். ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சி இழுத்தேன். அதுக்குள்ள படார்னு சத்தம்.

முக்காலி சுவருக்கும் பம்பருக்கும் நடுவுல நசுங்கிக் கிடந்துச்சி. அவரு குழாயடியில சோப்புக் கையோட நிக்கிறாரு. ரெண்டு பேரும் அந்த முக்காலியையே பாத்தோம்.

"கல்லு மாதிரின்னு சொன்னியேடி!" அவரு கத்தினா பக்கத்து வீட்டு நாய் குலைக்கும், குலைச்சிச்சி.

எனக்குப் பயம் வந்தா கோவமாத்தான் வரும். "குமிழி நின்னுருச்சின்னு நீங்கதான சொன்னீங்க!"னு இறங்கிப் போய், கீழ கிடந்த அந்தக் குழாயை எடுத்தேன். கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் காத்து, கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் காத்துன்னு குழாய் பூரா பாசிமணி கோத்த மாதிரி நிக்குது. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்.

"இது என்னாங்க இது?"ன்னு அவரு முன்னால நீட்டினேன்.

வாங்கினாரு. மூக்குக்கிட்ட கொண்டு போனாரு. வெளிச்சத்துப் பக்கம் திரும்பினாரு. அப்படியும் இப்படியும் சாய்ச்சாரு. அப்புறம் கட்டைவிரலால குழாயைத் தடவ ஆரம்பிச்சாரு.

"எண்ணெய்"னாரு.

என் கோவமெல்லாம் எங்க போச்சின்னே தெரியல. "வலது கண்ணுமா?"ன்னேன்.

தலையைக் குனிஞ்சிக்கிட்டாரு. "ஓரத்துல தெரியுது. நடுவுல புகை மாதிரி." அப்புறம், "உன்கிட்ட சொன்னா நீயும் ஒடைஞ்சி போயிருவ. ஓட்டுறவளை எதுக்குப் பயமுறுத்துறதுன்னு விட்டுட்டேன்"னாரு.

நானும் சொல்லிட்டேன். செருப்பு கழண்ட கதையைச் சொன்னேன், முட்டியை வச்சி ஓட்டுறதைச் சொன்னேன், பேடை யாரு தின்னான்னும் சொன்னேன். அவரு திட்டுவாருன்னு பாத்தேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அவரு கீழ உக்காந்து என் வலது பாதத்தை மடியில தூக்கி வச்சிக்கிட்டு, "இங்க தெரியுதா? இங்க?"ன்னு ஒவ்வொரு இடமா அமுக்கிக் கேட்டாரு. அவரு கை சூடா இருந்திருக்கும். எனக்கு அதுவும் தெரியல.

அப்புறம் என்ன செய்யிறது, பிரேக்கை அப்படியே விட முடியுமா? காடியைப் பின்னால தள்ளினோம், சக்கரத்தைத் திரும்பக் கழட்டினோம். இந்தத் தடவ அவரு உள்ள ஏறி டிரைவர் சீட்ல உக்காந்தாரு. நான் கீழ உக்காந்து ஸ்பேனரைப் பிடிச்சேன், எந்தப் பக்கம் திருப்பணும்னு உள்ளேர்ந்து சொல்லிக் குடுத்தாரு. அவருக்குக் கால் நல்லா இருக்கு, எனக்குக் கண்ணு நல்லா இருக்கு.

"மிதிங்க... மிதிங்க... தாஹான்!"

"தாஹான் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்"னு உள்ளேர்ந்து சத்தம் வந்துச்சி. குரல் உடைஞ்சிருந்துச்சி. நான் எட்டிப் பாக்கல.

குழாயில குமிழி பெருசு பெருசா வந்துச்சி, அப்புறம் சின்னதா வந்துச்சி, அப்புறம் நின்னு போச்சி. நான் கேட்டேன், "எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு."

அது நிஜம். எங்க காடியில அப்படியொரு பிரேக் இதுக்கு முன்னாடி இருந்ததே இல்லன்னு சொன்னாரு. சக்கரத்தை மாட்டிட்டு, காடியைத் தள்ளித்தான் உள்ள கொண்டு வந்தோம். சாவி இக்னிஷன்லயே தொங்குது. எடுக்க அவரும் கை நீட்டல, நானும் நீட்டல.

சாயங்காலம் மக போன் பண்ணினா. "காடி ரெடியாம்மா?"

"ரெடிமா. உங்கப்பாதான் செஞ்சாரு. பிரேக் நல்லா இருக்கு."

"அப்ப நாளைக்கு வர்றீங்களா?"

வாசல் வழியா அவரு தெரியிறாரு. வெளியில காடியை ஒரு கையால தடவிக்கிட்டே சுத்தி வர்றாரு. அதுக்கு அந்தப் பக்கம் என் முருங்கை மரம்.

"நீ வந்து கூட்டிட்டுப் போம்மா"ன்னேன்.

"சோபாவை நகத்தி வச்சிட்டு வர்றேம்மா"ன்னா. அவளுக்குப் புரிஞ்சிருச்சி.