வெள்ளிக்கிழமைக் கவிதைகளும் என் நுரையீரலும்

இருமல் தொடங்கியபோது அதை நான் நோயாக நினைக்கவில்லை. பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். நாள் முழுக்கப் பேசுகிற வேலை. சாக்பீஸ் தூள் வேறு. மழை முடிந்து பனி இறங்கும் பருவம். மிளகுக் கஷாயம் வைத்துக் குடித்தேன். நின்றது போலிருக்கும், மாலையில் மறுபடி வரும். கூடவே ஓர் அலுப்பு இருந்தது. தூங்கி எழுந்தாலும் போகாத அலுப்பு.

நீங்களும் இப்படித்தான் நாட்களைத் தள்ளிக்கொண்டிருப்பீர்கள் என்றால், தள்ளாதீர்கள். சளிப் பரிசோதனைக்குப் போங்கள். அதைச் சொல்லிவிட்டு என் கதைக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் பள்ளி விட்டபிறகு கவிதைக்கென்று ஒரு கூட்டம் நடத்திவந்தேன். மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். நூலக அறையில் உட்காருவோம். அதன் ஜன்னல்கள் துருவேறித் திறக்காது. அவர்கள் எழுதிக் கொடுப்பதை, யார் எழுதியது என்று சொல்லாமல், நானே வாசிப்பேன். அந்தத் தைரியத்தில் வேறெங்கும் பேசாததை எல்லாம் எழுதினார்கள். குடித்துவிட்டு வரும் அப்பாவை எழுதினார்கள். படிப்பு முடியக் காத்திருக்கும் கல்யாணத்தை எழுதினார்கள். தக்காளி விலை விழுந்த அன்று வீட்டில் யாரும் யாரோடும் பேசாமல் சாப்பிட்டதை ஒருவன் எழுதினான்.

நவ்யா மட்டும் நிலாவையும் ரோஜாவையும் எழுதிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம். நீ பேசுகிற மாதிரியே எழுதேன் என்று சொல்லிப் பார்த்தேன். "எங்க பாஷ கலந்துடுதுங்க மிஸ். சிரிப்பாங்க" என்றாள். அடுத்த வாரமும் நிலாதான் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை வாசித்துக்கொண்டிருந்தபோது இருமல் பிடித்துக்கொண்டது. கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தபோது அதில் ரத்தம் இருந்தது. மடித்துக்கொண்டேன். தண்ணீர் பாட்டிலோடு அருகில் வந்து நின்ற நவ்யா அதைப் பார்த்துவிட்டாள்.

தருமபுரியில் மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். சளி கொடுத்தேன். மறுநாள் முடிவு வந்தது. நுரையீரல் காசநோய். வலது மேல்பகுதியில் ஒரு குழிவு (கிருமி அரித்ததால் ஏற்படும் பள்ளம்) இருந்தது. மருத்துவர் என்னைவிட இளைய பெண். ஆறு மாதம் மாத்திரை, விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும் என்று நிதானமாகச் சொன்னார். பிறகு கேட்டார்.

"மூடின ரூம்ல உங்ககூட ரொம்ப நேரம் யாருங்க இருந்தாங்க?"

அதுவரை எனக்கு என் உடம்பைப் பற்றிய பயம் மட்டும்தான் இருந்தது. அந்த நிமிடம் அது இடம் மாறியது.

என் கணவர் மாதேஷ் தக்காளி பயிரிடுகிறவர். அதிகம் பேச மாட்டார். பேருந்தில் திரும்பும்போது, பாதி வழி வந்தபிறகு, "டைபாய்டுன்னு சொல்லிக்கலாமா?" என்றார். எனக்காகத்தான் சொன்னார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் திறக்காத ஜன்னல்கள் கண்ணிலேயே நின்றன. மறுநாள் தலைமையாசிரியைக்கு நானே போன் செய்து நோயின் பெயரைச் சொன்னேன்.

சுகாதாரத் துறையினர் பள்ளிக்கு வந்து தொடர்பாளர் பரிசோதனை (நோயாளியோடு நெடுநேரம் இருந்தவர்களுக்குச் செய்வது) நடத்தினார்கள். சில பெற்றோர் வந்து சத்தம் போட்டதாகக் கேள்விப்பட்டேன். கவிதைக் கூட்டம் நிறுத்தப்பட்டது. நான் மருத்துவ விடுப்பில் இருந்தேன்.

மாத்திரைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். முதல் வாரம் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். பயப்படாதீர்கள், அது மருந்தின் நிறம். குமட்டும். களி கிளறும் வாசனை வந்தாலே நான் எழுந்து வெளியே போய்விடுவேன். மூட்டுகள் வலித்தன. எல்லாவற்றையும்விட அந்த அலுப்புதான். தலை சீவப் போய், கையை உயர்த்திக்கொண்டிருக்க முடியாமல் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கவிதையை முழுதாக வாசிக்கக்கூட மனம் நிற்கவில்லை.

பரிசோதனையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுமில்லை என்று வந்தது, நவ்யாவைத் தவிர. அவளுக்கு நோய் இருந்தது.

அவள் அப்பா முனிராஜ் ஒரு மதியம் எங்கள் வீட்டுக்கு வந்தார். தக்காளி மண்டியில் பெட்டி ஏற்றும் வேலை செய்பவர். மாதேஷ் நாற்காலி போட்டும் உட்காரவில்லை. வாசலுக்கு வெளியிலேயே நின்றார். நான் முகக்கவசத்தோடு உள்ளே நின்றேன்.

"எம்பொண்ணு நல்லாத்தானுங்களே இருந்தா" என்றார். "வேற எங்கியும் போவல. உங்க கவிதக் கூட்டத்துக்குத்தான் வந்தா."

முகக்கவசத்தை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அவளை ஒரு இடத்தில் பெண் கேட்டிருந்தார்களாம். இனி வர மாட்டார்கள் என்றார். ஊருக்குத் தெரியும் முன் பள்ளியை நிறுத்தி, கர்நாடகத்தில் ஆனேக்கல் பக்கம் இருக்கும் தன் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடப் போவதாகச் சொன்னார். அங்கே மாத்திரை யார் கொடுப்பார்கள் என்று கேட்டேன். அவளே எடுத்துப் போட்டுக்கொள்வாள் என்றார். நோய் இருப்பதையே தங்கையிடம் சொல்லப்போவதில்லை என்று புரிந்தது. மறைத்துவைக்கிற மாத்திரை சீக்கிரம் நின்றுபோகும். நின்றால் நோய் மருந்துக்குக் கட்டுப்படாததாகத் திரும்பும்.

"யாருகிட்ட இருந்து யாருக்கு வந்துச்சுன்னு தெரியலைங்க" என்றேன். "எங்கிட்ட இருந்தே வந்திருக்கலாம். திட்டணும்னா என்னைத் திட்டுங்க. மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க."

அவர் திட்டவில்லை. திரும்பி நடந்தார். திட்டியிருந்தால் அன்றிரவு தூங்கியிருப்பேன்.

அடுத்த முறை போனபோது மருத்துவரிடம் கேட்டேன். அவளிடமிருந்து எனக்கு வந்திருக்கலாம், இருவருக்குமே வேறெங்கிருந்தோ வந்திருக்கலாம், கிருமி உடம்பில் வெகுகாலம் சும்மா கிடக்கும் என்றார். அறிவுக்கு அது புரிந்தது. மனசு கேட்கவில்லை.

பிறகொரு காலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கப் போனபோது வெளியே சிமென்ட் பெஞ்சில் நவ்யா இருந்தாள். மெலிந்திருந்தாள். மறுமுனையில் உட்கார்ந்தேன். நான் கேட்காமலே சொன்னாள்.

"அத்த வூட்டுக்குப் போவமாட்டேன்னுட்டேங்க மிஸ்."

அவள் அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவாள் என்று நான் நினைத்ததே இல்லை. அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ரெண்டு மூணு நாளு பேசவே இல்ல. அப்பறம் ஒரு நாளு காலைல மாத்திரைய அவரே எடுத்துக் குடுத்தாரு. இப்ப தெனம் அவருதான் குடுக்கறாரு."

சற்று நேரம் கழித்து, எழுதியிருக்கிறேன், வாசிக்கட்டுமா என்றாள். போனைத் திறந்தாள். முகக்கவசத்துக்குள்ளிருந்து சன்னமாக வந்தது அவள் குரல். நடுவில் இருமலுக்காக ஒரு தடவை நிறுத்தினாள்.

எங்கள் வீட்டில்
மூச்சுக்குப் பேர் உசிரு.
இழுத்து விடு என்றார் டாக்டர்.
இழுத்துவிட்டேன்.
விடத்தான்
பயமாக இருந்தது.

நான் ஒரு ஆசிரியை சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. கடைசியில், "உங்க வூட்டுக் கன்னட வார்த்தைய வெச்சிருக்கியே" என்றேன்.

"வேற வார்த்தை பொருந்தலைங்க மிஸ்."

உள்ளிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்தபிறகு பள்ளிக்குத் திரும்பினேன். நவ்யாவும் திரும்பியிருந்தாள். பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று ஒரு பெண் வேறு பெஞ்சுக்குப் போயிருந்தாள். தலைமையாசிரியை யோசித்துத்தான் அனுமதி கொடுத்தார்: கூட்டத்தை வெட்டவெளியில் நடத்துங்கள், பெற்றோர் சம்மதித்தால் மட்டும். விளையாட்டுத் திடலின் ஓரத்தில் வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். பழைய பிள்ளைகளில் பாதிப்பேர் கூட வரவில்லை.

என்னால் தொடர்ந்து வாசிக்க முடியவில்லை. ஒரு தாளை முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. முடிந்தவர்கள் அவரவர் எழுதியதை அவரவரே வாசிக்கலாம், விருப்பமில்லாவிட்டால் வேண்டாம் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். பிறகு நவ்யா எழுந்தாள்.

"இது எனக்கு வந்த டிபியைப் பத்தி" என்று சொல்லிவிட்டு வாசித்தாள். உசிரு என்ற இடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

அவளுக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் வாசித்தார்கள். அடுத்த வாரம் ஒரு பையனை அவன் வீட்டில் அனுப்பவில்லை. பெஞ்சு மாறிய பெண் மாறியே இருந்தாள். நவ்யாவைப் பெண் கேட்டவர்கள் அதன்பின் வரவே இல்லை. அதற்கு அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அவள் அப்பா வருத்தப்பட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்குத் தெம்பில்லை. அவள் மாத்திரையை முடித்தாள். அதற்கிடையே தேர்வும் எழுதினாள். இப்போது தருமபுரியில் கல்லூரிக்குப் போகிறாள். எழுதுகிறாள். சில சமயம் முழுக் கவிதையும் கன்னடம் கலந்தே வருகிறது. எனக்குப் புரியாத வரிகளுக்கு அவளிடம் பொருள் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கும் குணம் என்று சொல்லிவிட்டார்கள். எக்ஸ்ரேயில் ஒரு தழும்பு இருக்கிறது; அது போகாது, அதனால் தொந்தரவும் இல்லை என்றார் மருத்துவர். ஆனால் யாரும் உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. குணமான பிறகும் பழைய ஆளாகத் திரும்பிவர முடிவதில்லை. மாடி வகுப்புக்குப் போகும்போது பாதிப் படியில் நிற்கிறேன். மதியத்துக்கு மேல் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அவர்கள் எழுதுகிற நேரம் நீளமாகத் தெரிகிறது. முன்பானால் அந்த நேரத்தில் எதையாவது பேசி நிரப்பியிருப்பேன்.

முன்பெல்லாம் உடம்பு என்று தனியாக ஒன்று இருப்பதே நினைவில் இருக்காது. இப்போது காலையில் கண் விழித்ததும் அதைத்தான் முதலில் விசாரிக்கிறேன், இன்றைக்கு எவ்வளவு முடியும் என்று. அது சொல்கிற அளவுதான் என் நாள்.