ஃபெராராவில் ஓர் இரட்டை அறை

இத்தாலியில் லூக்கா ரயில் நிலையத்து வாசலை ஒட்டி ஒரு கண்ணாடிக் கூண்டு இருந்தது. ஊர் பார்க்க வந்து, தங்க இடமில்லாமல் பெட்டியோடு நிற்பவர்களுக்கு அறை தேடிக் கொடுக்கும் கூண்டு. இருபத்தாறு வருஷமாக அதற்குள் உட்கார்ந்திருந்தவர் சில்வானோ லெஞ்சோனி. எத்தனை பேர், எத்தனை நாள், மாடி ஏற முடியுமா என்பதற்கு மேல் யாரிடமும் அவர் எதையும் கேட்டதில்லை. கேட்டுவிட்டு டெலிபோனை எடுப்பார். பத்து நிமிஷத்தில் வந்தவர் கையில் முகவரிச் சீட்டு இருக்கும்.

அந்த வருஷம் பிப்ரவரியில் அவர் மனைவி நீவெஸ் இறந்துபோனாள். ரத்தத்தில் ஏதோ கோளாறு. ஆஸ்பத்திரியில் சேர்த்த பதினோராம் நாள் முடிந்துவிட்டது. அடக்கம் செய்த மறுநாளே சில்வானோ கூண்டில் வந்து உட்கார்ந்தார். அழவில்லை. மனுஷன் அழுகையை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அடக்கும்படி உள்ளே ஏதாவது இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசியில் தாடை மரத்துப்போகுமே, அப்படி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

ஆகஸ்டில் மேலதிகாரி கூப்பிட்டார்.

"உனக்கு எவ்வளவு லீவு சேர்ந்து கிடக்கு தெரியுமா? எங்கயாவது போய்ட்டு வா."

"எங்க சார் போறது?"

"நாட்டுக்கே ரூம் பிடிச்சுக் குடுக்கிறவன் கேக்கிற கேள்வியாய்யா இது?"

ஃபெராராவுக்குப் போனார். மேடு பள்ளமில்லாத ஊர், முழங்காலுக்கு நல்லது என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. முன்கூட்டி அறை பிடிக்கவும் தோன்றவில்லை. போய் இறங்கினால் தெருப் பாட்டுக்காரர்களின் திருவிழா. ரயிலடியிலேயே ஒருவன் அக்கார்டியனை இழுத்துக்கொண்டிருந்தான். அறை தேடித் தரும் கவுண்டரில் இருபது பேர் வரிசை. சில்வானோ கடைசியில் போய் நின்றார்.

கொண்டையில் பென்சில் செருகிய ஒரு பெண் கவுண்டரில் இருந்தாள். "எத்தனை பேர் சார்?"

"ரெண்டு பேர்."

முப்பத்தோரு வருஷத் தாம்பத்தியப் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. திருத்தலாம் என்று நினைத்தார். அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது.

"ஒண்ணுமே இல்ல சார். எங்க அத்தை வீட்டு பால்கனியில கூட ஜெர்மன்காரங்க படுத்திருக்காங்க."

"யாராவது முடியாதவங்க வந்தா குடுக்கலாம்னு ஒண்ணு ரெண்டு ஒதுக்கி வெச்சிருப்பீங்களே. அதுல பாருங்கம்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "யார் சார் நீங்க?"

"லூக்காவில எனக்கும் இதே வேலைதான்."

"அட! அப்ப உங்ககிட்ட பொய் செல்லாதே." சிரித்துக்கொண்டே டெலிபோனைச் சுழற்றினாள். "ஆர்ஜியாம்மா வீடு சார். கொஞ்சம் வாய் ஜாஸ்தி. கண்டுக்காதீங்க."

ஆர்ஜியாவின் வீடு பெரிய தேவாலயத்துக்குப் பின்னால், சைக்கிள்கள் சாத்திய செங்கல் சந்தில் இருந்தது. சிவப்புச் சாயம் போட்ட தலையும் கனத்த உடம்புமாக ஆர்ஜியா அறையைத் திறந்து காட்டினாள். அகலக் கட்டில், இரண்டு தலையணை, இரண்டு துண்டு.

"வீட்டம்மா எங்க?"

"வரல."

"பின்னால வர்றாங்களாக்கும்," என்று அவளே முடிவு கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை மேஜையில் இரண்டு கோப்பை இருந்தது. அதற்கடுத்த நாளும் இரண்டு. அவர் ஒன்றைக் குடித்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. பாதுவாவிலிருந்து வந்த ஒரு சின்ன ஜோடி. அந்தப் பெண்ணுக்கு நிறைமாத வயிறு.

"இடமில்ல கண்ணுங்களா," என்றாள் ஆர்ஜியா. "பெரிய ரூம்ல ஒருத்தர் பொண்டாட்டிக்காகக் காத்திருக்கார். அந்தம்மா எப்ப வருமோ, அவருக்கே தெரியல."

சில்வானோ எழுந்து வாசலுக்குப் போனார். "அவ வரமாட்டா. பிப்ரவரியில செத்துப்போயிட்டா."

அந்த வார்த்தையை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும், சொல்ல வேண்டி வரவில்லை. சொன்னதும் ஏதாவது நடக்கும் என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஆர்ஜியாதான் இடுப்பில் கை வைத்தாள்.

"அப்புறம் எதுக்குய்யா ரெண்டு பேருன்னு சொன்னீங்க? நேத்து மூணு ஜோடியைத் திருப்பி அனுப்பினேன்! எங்க போய்ப் படுத்தாங்களோ!"

ஆறு மாதமாக எல்லோரும் அவரிடம் நோயாளியிடம் பேசுவதுபோலத் தணிந்த குரலில்தான் பேசியிருந்தார்கள். யாரும் திட்டியதில்லை. அவள் சொல்வது நியாயம் என்று தொழில் தெரிந்தவருக்குத் தெரிந்தது. காது லேசாகச் சுட்டது.

"தப்புதாங்க. என்கிட்ட யாராவது இப்படிப் பண்ணியிருந்தா நானும் கத்தியிருப்பேன்."

பெரிய அறையை அந்த ஜோடிக்கு விட்டுவிட்டு, கொல்லைப் பக்கத்து இஸ்திரி அறையில் அவருக்கு ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டார்கள். பெரிய கட்டிலின் விரிப்பை அவர் ஒரு முனையும் அவள் ஒரு முனையுமாகப் பிடித்து மடித்தார்கள்.

"பேரென்ன அவங்களுக்கு?"

"நீவெஸ்."

"சமைப்பாங்களா நல்லா?"

"சுமாரா."

முகவரி சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆர்ஜியாவும் உச்சுக் கொட்டவில்லை. விரிப்பை உதறிவிட்டு, மத்தியானம் இங்கேயே சாப்பிடச் சொன்னாள். பூசணிக்காய் அடைத்த மாவுக் கொழுக்கட்டை.

"உப்பு போதுமா?"

"தெரியலைங்க."

"தெரியலையா? அப்ப போதும்னு வெச்சுக்குவோம்."

முழுத்தட்டையும் சாப்பிட்டு முடித்துவிட்டு இஸ்திரி அறைக்குப் போய்ப் படுத்தார். கட்டில் நீளம் பற்றாமல் பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் பாதுவா ஜோடி பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தது.

"உங்கப்பா பேரு வேணாம், சொல்லிட்டேன்," என்றாள் அவள்.

"ஏன், என்ன குறைச்சல்?"

"உங்கப்பாதான் குறைச்சல்."

சில்வானோ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். யார் பேச்சு எடுபட்டது என்று தெரிவதற்குள் தூங்கிப்போனார்.