அண்ணன் கேட்ட பீட்சா

அண்ணன் ரிக் லாரியோடு பம்பாய்ப் பக்கம் போர்வெல் போடப் போனபோது பீட்சா சாப்பிட்டிருக்கிறார். ஈரல் கெட்டு நாமக்கல்லுக்குத் திரும்பிய பிறகு, உப்பில்லாத கஞ்சியைக் குடித்துக்கொண்டே அதன் ருசியைச் சொல்வார்.

"பத்தியம் முடியட்டும் சாமி, அப்புறம் என்ன வேணும்னாலும் தின்னு" என்பாள் அம்மா.

ஒரு நாள் டாக்டர் என்னையும் அம்மாவையும் தனியாக அழைத்து, இனி அவர் கேட்பதையெல்லாம் கொடுங்கள் என்றார். அண்ணனிடம் இதைச் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம்.

பாலிடெக்னிக்கில் படித்தவள், எதற்கும் பட்டியல் போடுவேன். மைதா, ஈஸ்ட், தக்காளி, குடைமிளகாய், டின் சீஸ். ஈஸ்ட்டைப் பேக்கரியில் கேட்டு வாங்கினேன். சீஸுக்காகச் சேலம் செவ்வாய்ப்பேட்டை வரை பஸ்ஸில் போனேன். வீட்டில் ஓவன் கிடையாது. குக்கரின் கேஸ்கட்டைக் கழற்றி, உள்ளே மணலைப் பரப்பிச் சூடேற்றி, அதன்மேல் தட்டை வைத்துச் சுட்டேன். அடி கொஞ்சம் கருகிவிட்டது.

அண்ணன் பார்த்ததும் சிரித்தார். "ஏம்புள்ள, காம்பஸ் வெச்சா வட்டம் போட்ட?"

ஒரு துண்டைக் கடித்தார். சீஸின் உப்பு நாக்கில் பட்டதும் மெல்லுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"பத்தியம் முடிஞ்சு போச்சுங்களாம்மா?"

அந்தத் தட்டே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

"ஆறிப்போயிரும், தின்னு சாமி" என்றாள் அம்மா.

அந்தத் துண்டை முழுவதும் தின்றார். மறுநாளிலிருந்து கஞ்சியில் உப்புப் போடச் சொல்லிவிட்டார்.